பழைய எஞ்சினுக்கு எந்த எண்ணெய்?

அமெரிக்க ஐக்கிய நாட்டின் விஸ்கான்சின், இந்தியானா, ஒஹையோ போன்ற மாநிலங்களில், சிற்றூர் வீடுகளின் பின்புறக் கொட்டகைகளில் தட்டுமுட்டுச் சாமான்களுக்கு இடையே சிறிய டிராக்டர் ஒன்று துருவேறிக் கிடப்பதைக் காணலாம். வயலில் உழும் டிராக்டரை மனத்தில் வைத்துக்கொண்டு பார்ப்பவருக்கு அது குழந்தைகளின் விளையாட்டு வண்டி போலத் தோன்றும். இருக்கை இடுப்பளவு உயரம். எஞ்சினில் பெரும்பாலும் ஒரே ஒரு சிலிண்டர். திறன் 7 முதல் 14 குதிரைத்திறன் வரை. வீட்டைச் சுற்றியுள்ள புல்லை வெட்டவும், காய்கறித் தோட்டத்தை உழவும், குளிர்காலத்தில் வாசலில் குவியும் பனியைத் தள்ளவும் பயன்பட்ட இதற்குத் தோட்ட டிராக்டர் என்று பெயர்.

பாட்டனார் வாங்கிய டிராக்டரைப் பேரன் வெளியே இழுத்து வந்து, ஒவ்வோர் உறுப்பாகக் கழற்றி, துருவைச் சுரண்டி, தேய்ந்ததை மாற்றி, மறுபடியும் ஓட வைப்பது அந்நாட்டில் பலருக்கு விருப்பமான பொழுதுபோக்கு. எல்லாம் முடிந்து எஞ்சினில் எண்ணெய் ஊற்ற வேண்டிய நேரத்தில்தான் வாக்குவாதம் தொடங்குகிறது. பழைய எஞ்சினுக்குக் கலப்பில்லாத பழைய வகை எண்ணெய்தான் ஏற்றது என்பார் ஒருவர். தேய்ந்த இயந்திரத்துக்குக் கெட்டியான எண்ணெய் வேண்டும் என்பார் மற்றொருவர். இன்றைய எண்ணெயில் துத்தநாகம் போதாது என்று மூன்றாமவர் கவலைப்படுவார்.

இது ஒரு குப்பி எண்ணெயைப் பற்றிய சிறிய கேள்விதான். ஆனால் இதில் தவறினால் தண்டனை பெரிது. எண்ணெய் தன் வேலையைச் செய்யாமற் போனால், பிஸ்டனையும் கிராங்க் தண்டையும் இணைக்கும் தண்டு முறிந்து, சுழலும் வேகத்தில் எஞ்சினின் வார்ப்பிரும்பு உடலையே உடைத்துக்கொண்டு வெளிவந்துவிடும். பல மாத உழைப்பு ஒரு நொடியில் பாழாகும். பேரனுக்கு வேண்டிய சரியான விடை எண்ணெய்க் கடையில் கிடைப்பதைவிட, கடந்த நூற்று நாற்பது ஆண்டுகளின் இயற்பியல் வரலாற்றில் தெளிவாகக் கிடைக்கிறது.

தோட்டத்துக்கு வந்த டிராக்டர்

மேற்கு வர்ஜீனியாவில் ஒளிப்பட நிலையம் நடத்திவந்த பெஞ்சமின் கிரேவ்லி என்பவர், 1916-ல் எஞ்சின் பொருத்திய ஒற்றைச் சக்கரக் கலப்பை ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். பின்னால் நடந்துகொண்டே அதை ஓட்ட வேண்டும். ஏறி அமர்ந்து ஓட்டும் சிறு டிராக்டர்கள் பெருகியது இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர்தான். போரிலிருந்து திரும்பியவர்கள் நகர்ப்புறங்களில் இடம் வாங்கி வீடு கட்டினர். ஒவ்வொரு வீட்டைச் சுற்றியும் கால் ஏக்கரோ அரை ஏக்கரோ புல்வெளி. 1946-ல் இந்தியானாவின் சவுத் பெண்ட் நகரில் செசில் பாண்ட் என்பவர் 'வீல் ஹார்ஸ்' நிறுவனத்தைத் தொடங்கினார். பெரிய டிராக்டர்களுக்குப் பெயர்பெற்ற இண்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனம் 1960-ன் இறுதியில் 'கப் கேடட்' என்னும் சிறு டிராக்டரைச் செய்யத் தொடங்கியது. முதல் மாதிரி மட்டும் மூன்று ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ 65,000 விற்றது. 1963-ல் ஜான் டீர் நிறுவனமும் தன் '110' என்னும் மாதிரியுடன் இத்துறையில் நுழைந்தது.

இவற்றின் வண்ணங்கள் வேறு, பெயர்கள் வேறு. ஆனால் மூடியைத் திறந்தால், கப் கேடட், ஜான் டீர் இரண்டின் முதல் மாதிரிகளிலும் இருந்தது ஒரே நிறுவனத்தின் எஞ்சின். அது விஸ்கான்சினில் உள்ள கோலர் நிறுவனம் செய்த 'கே' வரிசை எஞ்சின். 1873-ல் தொடங்கப்பட்ட அந்த நிறுவனம் எனாமல் பூசிய குளியல் தொட்டிகளுக்குப் புகழ்பெற்றது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். மின்சாரம் எட்டாத பண்ணைகளுக்கென 1920-ல் அது மின்னாக்கி எஞ்சின்களைச் செய்யத் தொடங்கியது. வார்ப்பிரும்பை வார்ப்பதில் கைதேர்ந்தவர்களுக்குக் குளியல் தொட்டியும் சிலிண்டரும் ஒன்றுக்கொன்று வெகுதூரம் அல்ல போலும்!

பம்பு இல்லாத எஞ்சின்

கப் கேடட்டின் முதல் மாதிரியில் இருந்த கே-161 எஞ்சினையே நாம் எடுத்துக்கொள்வோம். கொள்ளளவு சுமார் 266 கன சென்டிமீட்டர். திறன் 7 குதிரைத்திறன். நிமிடத்துக்கு 3600 சுற்றுகள். காற்றினால் குளிர்விக்கப்படுவது. வால்வுகள் சிலிண்டரின் பக்கவாட்டில் அமைந்தவை. கிராங்க் தண்டின் இரு முனைகளையும் குண்டு பேரிங்குகள் தாங்குகின்றன. இதுவரை வியப்பதற்கு ஒன்றும் இல்லை.

பட்டறையில் கனெக்டிங் ராடு என்று அழைக்கப்படும் இணைப்புத் தண்டைக் கவனியுங்கள். அது அலுமினியக் கலவையால் ஆனது. கார் எஞ்சின்களில் இத்தண்டின் கீழ்முனையில் தனியாக ஒரு மெல்லிய பேரிங் தகடு பொருத்தியிருப்பார்கள்; தேய்ந்தால் அதை மட்டும் மாற்றிவிடலாம். இங்கே அது கிடையாது. அலுமினியம் நேரடியாகக் கிராங்கின் எஃகு முளையைத் தழுவி நிற்கிறது. இரண்டுக்கும் நடுவே விடப்படும் இடைவெளி அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு, அதாவது ஒரு மில்லிமீட்டரில் நாற்பதில் ஒரு பங்கு முதல் இருபதில் ஒரு பங்கு வரைதான்.

எண்ணெயை அழுத்தி அனுப்பும் பம்பும் இந்த எஞ்சினில் இல்லை. எண்ணெயை வடிகட்டும் ஃபில்டரும் இல்லை. இணைப்புத் தண்டின் அடியில் கரண்டி போன்ற ஒரு சிறு நீட்சி உண்டு. ஒவ்வொரு சுற்றிலும் அது அடித்தொட்டியில் உள்ள எண்ணெயை அறைந்து தெறிக்க வைக்கிறது. தெறிக்கும் துளிகளும் அதனால் எழும் மூடுபனி போன்ற சாரலும்தான் எல்லா உறுப்புகளையும் சென்றடைகின்றன. எண்ணெயின் மொத்த அளவே ஒரு லிட்டருக்குச் சற்றுக் கூடுதல்.

இப்போது ஓர் ஐயம் எழ வேண்டும். சிலிண்டரில் எரிபொருள் வெடிக்கும் ஒவ்வொரு முறையும் பிஸ்டன் பலநூறு கிலோகிராம் எடைக்குச் சமமான விசையுடன் இணைப்புத் தண்டைக் கீழே தள்ளுகிறது. தானாகத் தெறித்து விழுந்த எண்ணெய் அந்த விசையைத் தாங்கி, இரண்டு உலோகங்களையும் எப்படிப் பிரித்து வைக்கிறது? அழுத்தம் எங்கிருந்து வருகிறது?

பிதுங்கி வந்த மரத் தக்கை

இந்தக் கேள்விக்கு விடை 1883-ல் இங்கிலாந்தில் ஏறக்குறைய தற்செயலாகக் கிடைத்தது. இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் உராய்வு ஆய்வுக் குழுவுக்காக பியூசாம்ப் டவர் என்னும் பொறியாளர் சோதனைகள் செய்துவந்தார். ரயில் வண்டிகளின் அச்சில் ஏற்படும் உராய்வைக் குறைப்பதே நோக்கம். 4 அங்குல விட்டமுள்ள ஓர் அச்சின்மேல் பித்தளைத் தாங்கியை வைத்து, அதன்மேல் பாரத்தை ஏற்றி, அச்சின் அடிப்பகுதி எண்ணெயில் முழுகியிருக்குமாறு சுழற்றினார். உராய்வு மிக மிகக் குறைவாக இருந்தது.

தாங்கியின் உச்சியில் எண்ணெய் ஊற்றுவதற்கென ஒரு துளை போடப்பட்டது. அச்சைச் சுழற்றியதும் ஊற்றாமலே அத்துளையின் வழியாக எண்ணெய் மேலே பொங்கி வழிந்தது! டவர் அதில் ஒரு தக்கையை அடித்தார். பிறகு மரத்தால் ஆன தக்கையை அடித்தார். இரண்டும் மெல்லப் பிதுங்கி வெளியே வந்துவிட்டன. அழுத்தமானி ஒன்றைப் பொருத்தியபோது அதன் முள் சதுர அங்குலத்துக்கு 200 ராத்தலையும் தாண்டிச் சென்றது. தாங்கியின்மேல் அவர் வைத்த பாரத்தின் சராசரியோ 100 ராத்தல்தான்.

எண்ணெயை யாரும் அழுத்தவில்லை. அச்சின் சுழற்சியே அழுத்தத்தை உண்டாக்குகிறது என்பது இதனால் புலனாயிற்று. மான்செஸ்டரில் பேராசிரியராக இருந்த ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ், டவரின் அளவீடுகளை எடுத்துக்கொண்டு 1886-ல் இதற்கான கணிதக் கோட்பாட்டை வெளியிட்டார். கருத்தை எளிதாகவே விளக்கலாம். அச்சு, தாங்கியின் நடு மையத்தில் நிற்பதில்லை. சற்று ஒதுங்கி நிற்கிறது. ஆகவே இடைவெளி ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் குறுகலாகவும் ஆப்பு வடிவில் அமைகிறது. எண்ணெய் பாகுநிலை உடையது. அதாவது அதன் ஓர் அடுக்கு, அடுத்த அடுக்கையும் தன்னுடன் இழுத்துச் செல்லும். சுழலும் அச்சு தன்னோடு ஒட்டிய எண்ணெயை அகலமான வாயிலிருந்து குறுகலான முனைக்கு இழுத்துச் செல்கிறது. திருவிழாக் கூட்டம் குறுகிய சந்துக்குள் நுழையும்போது நெருக்கடி ஏற்படுவது போல, அங்கே அழுத்தம் உயர்கிறது. அந்த அழுத்தம் அச்சைத் தூக்கிப் பிடிக்கிறது. ரஷ்யாவில் நிக்கலாய் பெத்ரோவ் என்பவரும் 1883-லேயே உராய்வின் அளவை எண்ணெயின் பாகுநிலையோடு தொடர்புபடுத்தியிருந்தார்.

நம் தோட்ட டிராக்டரின் இணைப்புத் தண்டு பம்பு இல்லாமல் பிழைத்திருப்பதன் காரணம் இதுதான். கிராங்க் முளையின் விட்டம் சுமார் 30 மில்லிமீட்டர். நொடிக்கு 60 சுற்று சுழலும்போது அதன் பரப்பு நொடிக்கு ஏறத்தாழ 5.6 மீட்டர் வேகத்தில் செல்கிறது. எண்ணெய் அங்கே வந்து சேர்ந்தால் போதும். தாங்கும் அழுத்தத்தை முளையே உண்டாக்கிக்கொள்ளும். வந்து சேராவிட்டால்? எண்ணெய்க்கோலில் உள்ள குறிக்குக் கீழே மட்டம் இறங்கினாலும், செங்குத்தான சரிவில் நெடுநேரம் ஓட்டினாலும், கரண்டி எண்ணெயைத் தொடாமல் காற்றை அறைகிறது. அலுமினியம் எஃகைக் கவ்விப் பிடித்துக்கொள்கிறது. முறிந்த தண்டுகளில் பல இப்படி முறிந்தவையே.

கெட்டியானது நல்லதா?

வகுப்பில் இப்பாடத்தை நடத்தும்போது, "அப்படியானால் பாகுநிலை மிகுந்த எண்ணெயே மேலானது அல்லவா?" என்று மாணவர் ஒருவராவது கேட்காமல் இருப்பதில்லை. தேய்ந்த எஞ்சினுக்குக் கெட்டி எண்ணெய் என்னும் பட்டறை வழக்கிலும் இதே எண்ணந்தான் உள்ளது.

ஜெர்மானியரான ரிச்சர்டு ஸ்ட்ரிபெக் 1902-ல் இதற்கு விடை கூறினார். தாங்கியின் வேகம், பாரம் ஆகியவற்றை மாற்றிமாற்றி உராய்வை அளந்தபோது, அது முதலில் வேகமாகக் குறைந்து, ஒரு தாழ்ந்த நிலையை அடைந்து, பிறகு மெல்ல உயர்வதைக் கண்டார். எண்ணெய்ப் படலம் போதாத நிலையில் உலோகமும் உலோகமும் உரசுகின்றன. படலம் போதுமான அளவு அமைந்தபின் எண்ணெயை மேலும் கெட்டியாக்கினால், எண்ணெயின் அடுக்குகள் தமக்குள் உரசிக்கொள்வதற்கே ஆற்றல் செலவாகிறது; அது வெப்பமாக மாறுகிறது. காற்றால் மட்டுமே குளிரும் எஞ்சினுக்கு இது நல்லதல்ல. தெறிப்பு முறை எஞ்சினில் இன்னொரு தொல்லையும் உண்டு. கெட்டி எண்ணெய் நுண்துளிகளாகச் சிதறாது. குறுகிய இடைவெளிகளுக்குள் விரைவாகப் புகாது. குளிர்ந்த காலையில் எஞ்சின் கிளம்பிய முதல் சில நொடிகளில், எண்ணெய் தொட்டியில் நிறைய இருந்தும் இணைப்புத் தண்டு வறண்டு ஓடும். தேய்ந்துபோன முளையைக் கடைந்து சீராக்க வேண்டுமேயன்றி, கெட்டி எண்ணெயால் அதன் ஓசையை அடக்குவது நோயை மறைப்பதாகும்.

எண்ணெயின் பாகுநிலையை விற்பவரும் வாங்குபவரும் ஒரே மொழியில் கூற வேண்டிய தேவை கார்கள் பெருகியபோது எழுந்தது. முன்பு 'இலேசான எண்ணெய்', 'கனமான எண்ணெய்' என்று அவரவர் மனம்போல் பெயரிட்டு விற்றனர். 1905-ல் தொடங்கப்பட்ட அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கம் 1911-ல் முதன்முறையாக எஞ்சின் எண்ணெய்க்கான வரையறையை வெளியிட்டது. அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளே எண்ணெய்க் குப்பிகளில் நாம் காணும் 'எஸ்.ஏ.இ.' என்பவை. குறிப்பிட்ட வெப்பநிலையில் 60 கன சென்டிமீட்டர் எண்ணெய் ஒரு சிறு துளை வழியே வடிய எத்தனை நொடிகள் ஆகின்றன என்று அளக்கும் சேபோல்ட் கருவியே அந்நாட்களில் அளவுகோல். இன்றைய வரையறைப்படி, 100 டிகிரி செல்சியசில் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக் வரை பாகுநிலை உள்ள எண்ணெய் எஸ்.ஏ.இ. 30 ஆகும். 30 என்பது ஒரு தரத்தின் பெயரே. அந்த எண்ணை நேராக அளவு என்று கொள்ளக் கூடாது.

'100 டிகிரியில்' என்னும் சொல் முக்கியமானது. விளக்கெண்ணெயில் எஃகுக் குண்டுகளை விழவிட்டு ஸ்டோக்ஸ் முறையில் பாகுநிலை காணும் சோதனையைக் கல்லூரி மாணவர்கள் அறிவர். எங்கள் ஆய்வுக்கூடத்தில் காலைப் பிரிவு மாணவர்களின் விடையும் பிற்பகல் பிரிவினரின் விடையும் பெரும்பாலும் ஒத்துப்போவதில்லை. பிற்பகல் பிரிவினர் தாங்கள் தவறிவிட்டதாக எண்ணிக் குறிப்பேட்டில் எண்களைத் திருத்திவிடுவதும் உண்டு! உண்மையில் இருவர் விடையும் சரியே. விளக்கெண்ணெயின் பாகுநிலை 20 டிகிரியில் இருப்பதைப்போல் 40 டிகிரியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான். எஸ்.ஏ.இ. 30 எண்ணெயும் அப்படியே: 40 டிகிரியில் இருப்பதைப்போல் 100 டிகிரியில் ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்கே அதன் பாகுநிலை. எதிர்ப்பக்கம் சென்று, விஸ்கான்சினின் குளிர்காலத்தில் சுழிக்குக் கீழே 20 டிகிரி இருக்கும்போது பனி தள்ளப் புறப்படும் டிராக்டரை நினைத்துப் பாருங்கள். அதன் தொட்டியில் எஸ்.ஏ.இ. 30 எண்ணெய் வெல்லப்பாகாக உறைந்து நிற்கும்.

இதனால்தான் 1930-களில் 'டபிள்யூ' என்னும் எழுத்துடன் கூடிய குளிர்காலத் தரங்கள் சேர்க்கப்பட்டன. வெப்பநிலைக்கேற்ப எண்ணெய் எவ்வளவு மாறுகிறது என்பதைக் குறிக்கும் பாகுநிலைக் குறியெண்ணை டீன், டேவிஸ் என்னும் இருவர் 1929-ல் வகுத்தனர். பென்சில்வேனியா எண்ணெய் குறைவாக மாறுவது. அதற்கு 100 கொடுத்தனர். மெக்சிகோ வளைகுடாப் பகுதி எண்ணெய்க்குச் சுழி. பின்னர் நீண்ட சங்கிலி மூலக்கூறுகளைக் கலந்து இக்குறியெண்ணை உயர்த்தும் முறை வந்தது. வெப்பம் ஏறும்போது சுருண்டு கிடந்த சங்கிலிகள் விரிந்து எண்ணெய் நீர்த்துப்போவதைத் தடுக்கின்றன. 10டபிள்யூ-30 போன்ற பலதர எண்ணெய் இவ்வாறு பிறந்தது. குளிரில் 10டபிள்யூ போலவும் வெப்பத்தில் 30 போலவும் அது நடந்துகொள்ளும்.

அப்படியானால் ஆண்டு முழுவதும் அதையே ஊற்றலாமே? இங்கே சிறிது எச்சரிக்கை தேவை. முளைக்கும் தண்டுக்கும் இடையே ஒரு பக்கம் 0.025 மில்லிமீட்டர் எண்ணெய்ப் படலம் என்று கொண்டால், மேலே கண்ட 5.6 மீட்டர் வேகத்தில், அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று சறுக்கும் வீதம் நொடிக்கு இரண்டு லட்சத்துக்கும் மேல். அத்தகைய இழுப்பில் அந்தச் சங்கிலிகள் பாயும் திசையில் நீண்டு படுத்துவிடுகின்றன. நாளடைவில் சில அறுந்தும் போகின்றன. சூடான கோடையில், காற்றால் குளிரும் எஞ்சின்கள் பலதர எண்ணெயைக் கூடுதலாகக் குடிக்கும் என்று சிறு எஞ்சின் கையேடுகளே கூறியுள்ளன. ஆகவே உறைநிலைக்கு மேற்பட்ட காலத்துக்கு எஸ்.ஏ.இ. 30, அதற்குக் கீழே பலதர எண்ணெய் என்ற பழைய அறிவுரை வெறும் பழக்கத்தால் வந்ததன்று.

அழுக்கைச் சுமக்கும் எண்ணெய்

இனி, கலப்பில்லாத எண்ணெயே பழைய எஞ்சினுக்கு ஏற்றது என்னும் வாதத்துக்கு வருவோம். இதன் வரலாறும் ஒரு டிராக்டரிலிருந்துதான் தொடங்குகிறது. கேட்டர்பில்லர் நிறுவனம் 1931-ல் டீசலில் ஓடும் டிராக்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. டீசல் எஞ்சினின் கடும் வெப்பத்தில் எண்ணெய் கரிந்து, பிஸ்டன் வளையங்கள் தம் பள்ளங்களிலேயே ஒட்டிக்கொண்டன. அசையாத வளையம் அழுத்தத்தைத் தடுக்காது. எவ்வளவு நன்றாகச் சுத்திகரித்த எண்ணெயானாலும் இத்தொல்லை தீரவில்லை. 1930-களின் நடுவில் கலிபோர்னியாவின் ஸ்டாண்டர்டு ஆயில் நிறுவனம் உலோகச் சோப்பு வகைப் பொருள் ஒன்றை எண்ணெயில் கலந்து இதற்கு வழி கண்டது. துணியிலுள்ள எண்ணெய்ப் பிசுக்கைச் சோப்பு எவ்வாறு நீரில் மிதக்க வைக்கிறதோ, அவ்வாறே இந்தச் சேர்மம் கரியைத் தன் மூலக்கூறுகளால் சூழ்ந்து எண்ணெயில் மிதக்க வைக்கிறது. சலவை எண்ணெய்களின் தொடக்கம் இதுவே.

இவ்வகை எண்ணெய் சில மணி நேரத்திலேயே கறுத்துப்போகும். அதைக் கண்டு எண்ணெய் கெட்டுவிட்டதாகப் பலர் அஞ்சினர். கறுப்பது, எண்ணெய் தன் வேலையைச் செய்கிறது என்பதற்கு அடையாளம். கரி உலோகத்தில் படியாமல் எண்ணெயில் இருக்கிறது என்று பொருள்.

ஃபில்டர் இல்லாத எஞ்சினில் அழுக்கு அடியில் படிவதே நல்லது, சலவை எண்ணெய் அதை மேலே மிதக்க விட்டுவிடும் என்று ஒரு வாதம் இன்றும் கேட்கப்படுகிறது. கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும். ஆனால் நொடிக்கு 60 முறை ஒரு கரண்டி அறைந்து கலக்கும் ஒரு லிட்டர் எண்ணெயில் எது அமைதியாகப் படிய முடியும்? நிறுத்தி வைத்தபோது படிவது அடியில் களிபோல் இறுகி, எண்ணெயை வடிக்கும்போது வெளியேறாமல் தங்கிவிடும். மிதக்கும் அழுக்கு எண்ணெயோடு வெளியேறிவிடும். ஃபில்டர் இல்லாத எஞ்சினுக்கு எண்ணெயை மாற்றுவதே வடிகட்டுவதாகும்.

அந்த வாதத்தில் ஒரே ஓர் உண்மை உண்டு. பல ஆண்டுகள் கலப்பில்லாத எண்ணெயில் ஓடி, உள்ளே களி இறுகிய எஞ்சினில், திறந்து பார்க்காமல் சலவை எண்ணெயை ஊற்றினால், களி பெயர்ந்து வந்து தொல்லை தரலாம். முழுவதும் கழற்றிக் கழுவிய எஞ்சினுக்கு அந்த அச்சம் பொருந்தாது. அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் தர வரிசையில் கூடுதல் பொருள் எதுவும் கலவாத எண்ணெயின் பெயர் 'எஸ்.ஏ.' 1930-க்குப் பின் செய்யப்பட்ட பெரும்பாலான பெட்ரோல் வாகன எஞ்சின்களுக்கு அது ஏற்றதன்று என்று அக்கழகமே எச்சரிக்கிறது. 1961-ன் எஞ்சினைப் பழமைக்கு மரியாதை செய்வதாக எண்ணி அதற்கும் முந்திய காலத்து எண்ணெயில் ஓட்டுவது பரிதாபத்துக்குரியது.

துத்தநாகக் கவலை

எஞ்சின் கிளம்பும்போதும் நிற்கும்போதும் வேகம் இல்லை. ஆகவே டவர் கண்ட அழுத்தமும் இல்லை. அந்த நொடிகளில் உலோகத்தைக் காப்பது பரப்பில் ஒட்டிய சில மூலக்கூறு அடுக்குகளே. துத்தநாகமும் பாஸ்பரசும் கந்தகமும் அடங்கிய துத்தநாக டைதையோபாஸ்பேட் வகைச் சேர்மங்கள் 1940-களில் எண்ணெயில் சேர்க்கப்பட்டன. முதலில் அவை எண்ணெய் புளித்துப்போவதையும் பேரிங் அரிப்பையும் தடுக்கவே கலக்கப்பட்டன. தேய்மானத்தைக் குறைக்கும் அவற்றின் ஆற்றல் பிறகுதான் முழுமையாக உணரப்பட்டது. உரசும் இடத்தின் வெப்பத்தில் அவை சிதைந்து கண்ணாடி போன்ற பாஸ்பேட் படலமாக உலோகத்தின்மேல் படிகின்றன.

1975-ஆம் ஆண்டு மாதிரிகளிலிருந்து அமெரிக்கக் கார்களில் புகையைத் தூய்மையாக்கும் வினையூக்கி மாற்றிகள் வந்தன. பாஸ்பரஸ் வினையூக்கிக்கு நஞ்சு. எனவே எண்ணெயில் அதன் அளவுக்குப் படிப்படியாக வரம்பு விதிக்கப்பட்டது. 2004-ல் வந்த தரம் 0.08 சதவீதம் என்று வரையறுத்தது. பழைய எஞ்சின் வைத்திருப்போரின் கவலைக்கு இதுவே காரணம். எனினும், அந்த வரம்பு 5டபிள்யூ-30, 10டபிள்யூ-30 போன்ற கார்த் தரங்களுக்கு விதிக்கப்பட்டது, தனித்தரமான எஸ்.ஏ.இ. 30 எண்ணெயை அது கட்டுப்படுத்தவில்லை. மேலும், இந்தச் சிறு எஞ்சினின் வால்வு ஸ்பிரிங்குகள் மென்மையானவை. பந்தய எஞ்சினின் கேம் தாங்கும் அழுத்தத்தை இதன் கேம் காண்பதில்லை. துத்தநாகம் சேர்ந்த தனிக் குப்பிகளை வாங்கி ஊற்றுவது இங்கே தேவையற்ற செலவு என்பதே என் கருத்து.

முதல் ஐந்து மணி நேரம்

இனி நம் பேரனின் கொட்டகைக்குத் திரும்புவோம். கழற்றிய எஞ்சினில் அவன் முதலில் அளக்க வேண்டியது கிராங்க் முளையை. மைக்ரோமீட்டரால் இரண்டு திசைகளில் அளந்தால் அது வட்டமாக உள்ளதா, முட்டை வடிவாகத் தேய்ந்துள்ளதா என்பது தெரியும். தேய்ந்திருந்தால் முளையைக் கடைந்து, அங்குலத்தில் நூறில் ஒரு பங்கு சிறிய துளையுள்ள தண்டைப் பொருத்தலாம். சிலிண்டரையும் அதே அளவில் அகலப்படுத்தி, பெரிய பிஸ்டனை இடலாம். பொருத்தும்போது, மெல்லிய பிளாஸ்டிக் இழை ஒன்றை முளைமேல் வைத்து, தண்டின் மூடியை உரிய அளவு இறுக்கிப் பிரித்து, இழை எவ்வளவு அகலமாக நசுங்கியிருக்கிறது என்று பார்த்தால் இடைவெளி தெரிந்துவிடும். ரெனால்ட்சின் ஆப்பு அமைய வேண்டிய இடம் அது. கண்மதிப்பு அங்கே உதவாது. எண்ணெய் அறையும் கரண்டி வளையாமல், உரிய பக்கம் நோக்கி இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

சிலிண்டரின் உட்சுவரில் குறுக்குநெடுக்கான நுண்கீறல்களை வேண்டுமென்றே இடுவார்கள். அவை எண்ணெயைப் பிடித்து வைக்கும். அவற்றின் முனைகள் முதல் சில மணி நேரத்தில் வளையங்களோடு உரசித் தேய்ந்து, வளையமும் சுவரும் ஒன்றுக்கொன்று பொருந்திவிடும். தேய்ந்த துகள்கள் போகுமிடம் எண்ணெய்தான். எனவே, கோடைக்காலமானால் சலவைத் தன்மையுள்ள, இன்றைய தர எழுத்து பெற்ற எஸ்.ஏ.இ. 30 எண்ணெயைக் குறிவரை ஊற்றி ஓட்ட வேண்டும். புதிய எஞ்சினுக்கு முதல் ஐந்து மணி நேரத்திலும் பிறகு 25 மணி நேரத்துக்கு ஒரு முறையும் எண்ணெயை மாற்றச் சொல்கிறது கோலர் கையேடு. புதுப்பித்த எஞ்சினும் புதிய எஞ்சினே.

எஞ்சின் சூடாக இருக்கும்போதே எண்ணெயை ஒரு வெள்ளை எனாமல் தட்டில் வடிக்க வேண்டும். வெயிலில் பார்த்தால் மீன் செதில் பொடியைத் தூவியது போல எண்ணெய் மினுமினுக்கும். பயப்பட வேண்டியதில்லை. காகிதத்தில் சுற்றிய ஒரு காந்தத்தை எண்ணெயில் மெல்ல அலைய விடுங்கள். காகிதத்தில் ஒட்டுவது வளையங்களிலிருந்தும் சிலிண்டர் சுவரிலிருந்தும் வந்த இரும்பு. அது அடுத்த எண்ணெயில் குறைந்துவிடும். காந்தத்துக்கு அசையாமல், தட்டின் அடியில் வெள்ளை வெளேரென்று தகடுதகடாகக் கிடந்தால் அது அலுமினியம். பிஸ்டனிலிருந்தோ இணைப்புத் தண்டிலிருந்தோ வந்தது. எந்த எண்ணெயை ஊற்றலாம் என்ற யோசனையை ஒதுக்கி வைத்துவிட்டு, எஞ்சினை மறுபடியும் திறந்து அந்த இடைவெளியை அளக்க வேண்டும்.